பச்சிளங்குழந்தையின் கண்ணில் பீளை: எத்தனையாவது நாளில் தொடங்கியது?

சென்ற இதழில் தொப்புள்கொடிப் பராமரிப்பைப் பற்றி எழுதியபோது, பிறந்த குழந்தையின் கண்ணில் பீளை தள்ளுவதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டன. பெயரை வெளியிட வேண்டாம் என்று ஏறக்குறைய எல்லோரும் கேட்டிருப்பதால், ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி:

மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம். எனக்குச் சுகப்பிரசவம். பிறந்த நான்காம் நாள் காலையில் குழந்தையின் இரண்டு கண்களும் ஒட்டிக்கொண்டு திறக்க முடியாமல் இருந்தன. தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சினால் சரியாகிவிடும் என்றார் என் மாமியார். என் கணவர் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி வந்தார். இரண்டையும் செய்தோம். மாலைக்குள் இமைகள் வீங்கி, துடைக்கத் துடைக்கச் சீழ் வந்துகொண்டே இருந்தது. மறுநாள் மருத்துவமனையில் உடனே உள்நோயாளியாகச் சேர்த்து ஊசி போட்டார்கள். இப்போது குழந்தைக்கு 40 நாள். கண் நன்றாக இருக்கிறது. கண்ணில் வந்த நோய்க்கு எதற்காக உடம்பில் ஊசி? சொட்டு மருந்து ஏன் போதவில்லை?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட சொல் ‘நான்காம் நாள்’ என்பதுதான். பிறந்து 28 நாட்களுக்குள் குழந்தைக்கு வரும் விழிவெண்படல அழற்சியை, அதாவது கண் சிவந்து பீளை தள்ளும் நோயைக் கண்டால், நாங்கள் கண்ணைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி, எத்தனையாவது நாளில் தொடங்கியது என்பதாகும். முதல் 24 மணி நேரத்துக்குள் லேசாகச் சிவந்து, ஓரிரு நாளில் தானே அடங்கினால், அது பெரும்பாலும் பிறந்தவுடன் கண்ணில் விட்ட மருந்தின் எரிச்சல். 2 முதல் 5 நாட்களுக்குள் கட்டுக்கடங்காத சீழுடன் வந்தால், கொனோரியா, அதாவது நம் ஊரில் வெட்டை என்று சொல்லப்படும் நோயின் கிருமியை முதலில் நினைக்க வேண்டும். 5 முதல் 14 நாட்களுக்குள் வந்தால் கிளமிடியா என்ற கிருமியை நினைக்க வேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ், நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற மற்றப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் முதல் வாரத்தின் கடைசியிலோ அதற்குப் பிறகோ தலைகாட்டும். இவை கிழித்த கோடுகள் அல்ல, ஒன்றின் நாட்களில் மற்றொன்று வருவதும் உண்டு. ஆகவே நாள் கணக்கு ஊகத்தைத் தருமே ஒழிய உறுதியைத் தராது. உறுதிக்குச் சீழை எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும்.

உங்கள் குழந்தைக்கு வந்தது எதுவென்று ஆய்வக அறிக்கையைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வேகமும், இரண்டு கண்களிலும் ஒரே நேரத்தில் வந்ததும், உடனே ஊசி போட்டதும், அங்கிருந்த மருத்துவர்கள் கொனோரியாவைத்தான் அஞ்சினார்கள் என்பதைக் காட்டுகின்றன. அவர்கள் அஞ்சியது சரி. பெரும்பாலான பாக்டீரியாக்கள், கருவிழியில் ஒரு கீறலாவது இருந்தால்தான் உள்ளே நுழையும். கொனோரியாக் கிருமிக்குக் கீறல் தேவையில்லை. முழுதாக இருக்கும் கருவிழியையும் அது துளைக்கும். சிகிச்சை இல்லாமல் விட்டால் ஓரிரு நாளிலேயே கருவிழி புண்ணாகி, வெளுத்து, ஓட்டை விழுந்து, பார்வையே போய்விடக்கூடும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், இமைகள் இரண்டும் நாவல்பழம் போல வீங்கிய ஐந்து நாள் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நான் குனிந்து இமையைப் பிரிக்கப் போனேன். பின்னால் நின்ற மூத்த செவிலியர் என் தோளைப் பிடித்து இழுத்து, முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று கேட்பதற்குள் அவரே ஈரப் பஞ்சால் இமையை மெல்லப் பிரித்தார். உள்ளே தேங்கியிருந்த சீழ் தெறித்து வந்தது. அந்தச் சீழ் என் கண்ணில் பட்டிருந்தால் எனக்கும் அதே நோய் வந்திருக்கும். வீட்டில் குழந்தையின் கண்ணைத் துடைப்பவர்கள் அதற்குப் பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொட்டு மருந்து கண்ணின் மேற்பரப்பில் சில நிமிடங்களே நிற்கும்; சீழ் ஊறிக்கொண்டே இருக்கும் கண்ணில் அந்தச் சில நிமிடங்களும் நிற்காது, சீழோடு கன்னத்தில் வழிந்துவிடும். அதைவிட முக்கியமாக, இந்தக் கிருமி கண்ணோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதி கிடையாது; இரத்தத்தில் கலந்து மூட்டுகளையும் மூளை உறையையும் தாக்கலாம். ஆகையால் செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்தை, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 25 முதல் 50 மில்லிகிராம் வீதம், 250 மில்லிகிராமுக்கு மேற்படாமல், ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தாலோ, கால்சியம் கலந்த திரவம் நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருந்தாலோ இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. அப்போது செஃபோடாக்சிம் கொடுப்பார்கள். ஊசியோடு, சலைன் நீரால் கண்ணை அடிக்கடி, தொடக்கத்தில் மணிக்கொரு முறைகூட, கழுவிச் சீழை அகற்றுவார்கள். அந்தக் கழுவலையும் மருந்துக்கு இணையாகவே மதிக்க வேண்டும். ஒரு காலத்தில் பென்சிலினுக்கே இந்தக் கிருமி அடங்கியது. பென்சிலினைச் சிதைக்கும் வகைகள் 1976ஆம் ஆண்டு கண்டறியப்பட்டு உலகெங்கும் பரவிய பிறகு, அந்த மருந்தை நம்ப முடியாமல் போயிற்று.

உங்கள் கணவர்மீது கோபப்படாதீர்கள். ஆனால் வீட்டில் அந்தச் சொட்டு மருந்துக் குப்பி இன்னும் இருந்தால், அதன் சீட்டில் டெக்ஸாமெத்தசோன், பெட்னிசால், பிரெட்னிசலோன் போன்ற சொல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டைக் கலந்த சொட்டு மருந்துகள் நம் கடைகளில் ஏராளம். அவை சிவப்பை விரைவில் குறைத்து நோய் குணமாவது போலக் காட்டும். அடியில் கிருமி செழித்துக்கொண்டிருக்கும். குழந்தையின் கண்ணுக்கு மருத்துவர் சொல்லாமல் எதையும் வாங்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்:

எங்கள் குழந்தைக்குப் பத்தாம் நாள் கண் சிவந்து நீரும் பீளையும் வந்தன. பரிசோதனையில் கிளமிடியா என்று வந்திருக்கிறது. குழந்தைக்கு வாய்வழி மருந்து கொடுத்த மருத்துவர், நானும் என் மனைவியும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார். இது பால்வினை நோய் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மாத்திரை அவசியம்தானா? கண்ணுக்கு வெறும் களிம்பு போட்டால் போதாதா?

பதில்: ஐயா, முதலில் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிளமிடியாக் கிருமி, கொனோரியாவைப் போல அவசரக்காரக் கிருமி அன்று. கருவிழியை அத்தனை விரைவில் அழிக்காது. ஆனால் பிரசவத்தின்போது அது குழந்தையின் கண்ணில் மட்டும் படுவதில்லை. மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகிறது. களிம்பு கண்ணைத் தெளிய வைக்கலாம், தொண்டையில் இருப்பதை என்ன செய்யும்? ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் அதே குழந்தை, காய்ச்சல் இல்லாமல், விட்டுவிட்டு அடுக்கடுக்காக வரும் இருமலோடு, மூச்சிரைத்து நிமோனியாவுடன் வந்து நிற்கும். எனவேதான் வாய்வழி மருந்து. அதைக் கொடுக்கும்போது களிம்பு தனியாகத் தேவையே இல்லை.

வாய்வழி மருந்தாக நெடுங்காலம் எரித்ரோமைசினைக் கொடுத்துவந்தார்கள்: நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம், நான்கு வேளையாகப் பிரித்து, 14 நாட்களுக்கு. இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. பதினான்கு நாள், நான்கு வேளை என்றால் 56 வேளை. கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கும் ஒரு வீட்டில் ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுப்பது எளிதன்று. மற்றொன்று, பிறந்த சில வாரங்களுக்குள் இந்த மருந்தைப் பெற்ற குழந்தைகளில் சிலருக்கு, இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்துப் பாதை அடைபடும் கோளாறு வரும் வாய்ப்பு கூடுவதாகத் தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், அசித்ரோமைசினை நாளுக்கு ஒரு முறை கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் மூன்று நாட்களுக்குக் கொடுப்பதையே முதலில் பரிந்துரைக்கிறது. இரைப்பைக் கோளாறு அசித்ரோமைசினிலும் வரக்கூடும் என்பதால், எந்த மருந்தைக் கொடுத்தாலும், அடுத்த சில வாரங்களில் பால் குடித்தவுடன் பீய்ச்சியடிப்பது போல வாந்தி எடுத்தால் உடனே காட்டுங்கள். மருந்து முடிந்தபின் ஒரு முறை திரும்பப் போய்க் காட்டுவதும் அவசியம். சில குழந்தைகளுக்கு இரண்டாவது முறை மருந்து தேவைப்படுகிறது.

மாத்திரை உங்கள் இருவருக்கும் கட்டாயம் தேவை. தொந்தரவு இல்லை என்பதைக் காரணமாகக் காட்டாதீர்கள். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கும் ஆண்களில் பலருக்கும் எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வெளியே தெரியாமலேயே அது மனைவியின் கருக்குழாய்களைப் பாதித்து, அடுத்த கருத்தரிப்பைக் கடினமாக்கலாம். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து அது திரும்பவும் தொற்றும். பாலூட்டும் தாய்க்குப் பெரும்பாலும் அசித்ரோமைசின் ஒரே வேளையாக ஒரு கிராம் கொடுக்கிறார்கள். ஆண்களுக்கு டாக்ஸிசைக்ளின் நாளைக்கு இரு வேளை, ஏழு நாட்கள். மருந்து முடிந்து ஒரு வாரம் வரை தாம்பத்திய உறவைத் தவிர்க்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

நிம்மதியைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும். இந்தக் கிருமி அறிகுறி எதையும் காட்டாமல் மாதக் கணக்கில், சில வேளைகளில் அதற்கும் மேலாக உடலில் இருக்கும். ஆகவே இது எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. திருமணத்துக்கு முன்பே இருவரில் ஒருவரிடம் இருந்திருக்கலாம். பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கினால் அந்த விசாரணை முடியவே முடியாது. பிரசவமான பத்தாம் நாளில் இருக்கும் ஒரு பெண்ணை அப்படி நிறுத்திக் கேட்பது கொடுமை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு தனியாக இருக்கிறது. உங்கள் வீட்டாருக்கு எதையும் சொல்லாமலே இருவரும் அங்கே சென்று மருந்து பெறலாம்.

விழுப்புரத்திலிருந்து, கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றும் ஒரு வாசகி:

பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் கண்ணில் மருந்து விட வேண்டும் என்று எங்கள் பழைய பாடப்புத்தகத்தில் படித்தோம். இப்போது பல இடங்களில் விடுவதில்லை. எது சரி?

பதில்: சகோதரி, உங்கள் பாடப்புத்தகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பார்வையற்றோர் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் பெரும் பங்கினர், பிறந்த சில நாட்களில் வந்த இந்தச் சீழ்நோயால் கண்ணை இழந்தவர்கள். 1879இல் ஆல்பர்ட் நெய்சர் கொனோரியாவின் கிருமியைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பிரசவ மருத்துவமனையில் கார்ல் கிரெடே என்ற மருத்துவர், பிறந்த ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கண்ணாடிக் குச்சியின் நுனியால் ஒரே ஒரு சொட்டு விடும் வழக்கத்தைத் தொடங்கினார். ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த நோய், நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1881இல் அவர் அதை எழுதி வெளியிட்ட பிறகு உலகமே பின்பற்றியது. ஆன்டிபயாடிக் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில், ஒரு கண்ணாடிக் குச்சி இத்தனை கண்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வெள்ளி நைட்ரேட்டே குழந்தையின் கண்ணை எரித்துச் சிவக்கச் செய்தது என்பதால் பின்னாளில் 1 சதவீத டெட்ராசைக்ளின் களிம்பும் 0.5 சதவீத எரித்ரோமைசின் களிம்பும் வந்தன. 1990களில் கென்யாவில் நடந்த ஆய்வுக்குப் பிறகு 2.5 சதவீத போவிடோன் அயோடின் கரைசலும் சேர்ந்துகொண்டது. அது மலிவானது, கிருமிகள் அதற்குப் பழகிப்போவதும் இல்லை. (காயத்துக்குப் போடும் பழுப்பு நிற மருந்து அதே போவிடோன் அயோடின்தான், ஆனால் அது இதைவிடச் செறிவானது, சோப்புக் கலந்த வகையும் உண்டு. அதைக் குழந்தையின் கண்ணுக்குப் பயன்படுத்திவிடக் கூடாது.) உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குழந்தைகளுக்கும் இவற்றில் ஒன்றை விட வேண்டும் என்றே 2016 வழிகாட்டலிலும் கூறுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் எரித்ரோமைசின் களிம்பு சட்டப்படி கட்டாயம். பிரிட்டனில் இந்த வழக்கத்தைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கம் 2015இல், எல்லோருக்கும் விடுவதைக் காட்டிலும் கர்ப்பிணிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிப்பதே மேல் என்றது.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் களிம்புகள் கொனோரியாவைத் தடுப்பதில் வல்லவை. கிளமிடியாவைத் தடுப்பதில் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. கர்ப்ப காலத்தில் எல்லாப் பெண்களையும் பரிசோதிக்கும் நாடு களிம்பை விட்டுவிடலாம். நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் வழக்கமாகப் பார்ப்பதில்லை. பரிசோதனையும் இல்லை, களிம்பும் இல்லை என்ற நிலையில் குழந்தைக்கு இருக்கும் ஒரே காவல், வீட்டுக்குச் சென்று பார்க்கும் உங்களைப் போன்றவர்கள்தாம். பிறந்த 3ஆம் நாள், 7ஆம் நாள், 14ஆம் நாள் என்று வீடு தேடிச் செல்லும் வருகைகளின் நாட்களை, நான் மேலே சொன்ன கிருமிகளின் நாட்களோடு பொருத்திப் பாருங்கள். மூன்றாம் நாள் தொப்புளைப் பார்க்கும்போது, குழந்தை தூங்குகிறதே என்று விட்டுவிடாமல் கண்ணையும் பாருங்கள். கர்ப்ப காலத்தில் நிறம் மாறி, நாற்றத்தோடு வெள்ளைப்படுவதாக ஒரு பெண் சொன்னால், அதைச் சூடு என்று சொல்லி அனுப்பிவிட வேண்டாம்.

மதுரையிலிருந்து ஒரு பாட்டி:

என் பேரனுக்கு மூன்று வாரம். ஒரு கண்ணில் மட்டும் எப்போதும் நீர் தளும்புகிறது. தூங்கி எழுந்தால் பூளை கட்டியிருக்கிறது. மருத்துவர், மருந்தே வேண்டாம், மூக்கோரத்தைத் தடவிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அலட்சியமாக இருக்கிறாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் பேரனின் கண்ணில் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். சிவப்பு இல்லை, இமை வீக்கம் இல்லை, நீரும் கொஞ்சம் பூளையும் மட்டும்தான் என்றால் மருத்துவர் சொன்னது மிகச் சரி. கண்ணீர் வடிவதற்குக் கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குள் ஒரு மெல்லிய குழாய் இறங்குகிறது. (அழும்போது நமக்கு மூக்கு ஒழுகுவது அதனால்தான்.) பல குழந்தைகளுக்கு அந்தக் குழாயின் கீழ்முனையை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். பிறந்த முதல் சில நாட்களில் கண்ணீர் குறைவாகவே சுரப்பதால் இது வெளியே தெரியாது. இரண்டு மூன்று வாரமானதும் கண்ணீர் பெருக, வடிய வழியில்லாமல் தளும்புகிறது. தேங்கிய தண்ணீர் கொஞ்சம் கெட்டிப்படுவதுதான் அந்தப் பூளை. இங்கே ஆன்டிபயாடிக் கொடுத்தால் பூளை ஒரு வாரம் குறையும், நிறுத்தியதும் திரும்ப வரும், குழாய் திறக்கவில்லையே. இப்படி மாதத்துக்கொரு குப்பி என்று மாற்றி மாற்றி ஊற்றப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

தடவுவது என்றால் மேலோட்டமாகத் தடவுவதன்று. நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவிக்கொண்டு, சுண்டுவிரலைக் கண்ணின் உள்மூலைக்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவில் வைத்து, மெல்ல அழுத்தியபடி மூக்கின் பக்கமாகக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று நான்கு தடவை. பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் குழாய் தானே திறந்துவிடும். திறக்காவிட்டால் கண் மருத்துவர் மெல்லிய கம்பி விட்டுத் திறந்துவிடுவார்.

இரண்டு மாற்றங்களைக் கண்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். உள்மூலையில் மூக்கோரமாகச் சிவந்து புடைத்து, தொட்டால் குழந்தை வீரிட்டால், கண்ணீர்ப் பையில் சீழ் பிடித்திருக்கிறது. அதற்கு மருத்துவமனையில் சேர்த்து ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். அடுத்து, நீர் வடிவதோடு கருவிழி மங்கலாகவோ வழக்கத்தைவிடப் பெரிதாகவோ தெரிந்து, வெளிச்சத்தைக் கண்டால் குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால், அது கண்ணில் அழுத்தம் கூடும் நோயாக இருக்கலாம். பெரிய கண் என்று ஊரார் மெச்சுவதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: சிசேரியன் குழந்தைக்கும் இந்தத் தொற்று வருமா?

பதில்: வாய்ப்பு குறைவு, ஆனால் வராது என்று சொல்ல முடியாது. பனிக்குடம் உடைந்து நெடுநேரத்துக்குப் பிறகு அறுவை செய்திருந்தால் கிருமி மேலேறியிருக்கும். சாதாரணப் பாக்டீரியாக்கள் பிறந்தபின் பிறர் கையிலிருந்தும் வரும். பிறக்கும்போதே வெள்ளைவிழியில் இரத்தத் திட்டு இருந்து, பீளை எதுவும் இல்லையென்றால், அது பிரசவ அழுத்தத்தில் வந்தது. இரண்டு வாரத்தில் மறைந்துவிடும், மருந்து தேவையில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: குறைமாதத்தில் பிறந்து, மூன்று வாரமாக இன்குபேட்டரில் இருக்கும் என் குழந்தையின் கண்ணில் பச்சை நிறச் சீழ் வந்ததும் மருத்துவர்கள் மிகவும் பதறினார்கள். ஏன்?

பதில்: மருத்துவமனையில் நாட்கணக்கில் இருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு, ஈரமான இடங்களில் வளரும் சூடோமோனாஸ் என்ற கிருமி வரக்கூடும். கருவிழியை வேகமாகக் கரைப்பதில் அது கொனோரியாவுக்குச் சளைத்தது அன்று. குழந்தையின் இரத்தத்திலும் எளிதில் கலக்கும். வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குகள் அதனிடம் செல்லாது. டோப்ராமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளைச் சொட்டாகவும் நரம்பு வழியாகவும் சேர்த்தே கொடுப்பார்கள். பதறியவர்கள் நல்ல மருத்துவர்கள். இதே போலப் பதற வேண்டிய மற்றொன்று ஹெர்ப்பிஸ் வைரஸ்: இமையிலோ முகத்திலோ சிறு நீர்க்கொப்புளங்கள், பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு. அது பாக்டீரியா அன்று என்பதால் ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அசைக்ளோவிர் என்ற மருந்தை நரம்பு வழியாகக் குறைந்தது இரண்டு வாரம் கொடுக்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூ, கண்மை. இவற்றில் எதுவுமே கூடாதா?

பதில்: தாய்ப்பாலில், அதிலும் சீம்பாலில், நோயை எதிர்க்கும் பொருட்கள் உண்டு என்பது உண்மை. அவற்றின் பயன் குழந்தையின் வயிற்றுக்குள் போகும்போதுதான். சீழ் பிடித்த கண்ணுக்குப் பாலை மருந்தாக நம்ப முடியாது. அதைவிட, ‘பால் விட்டிருக்கிறோம், நாளைக்குப் பார்ப்போம்’ என்று ஒரு நாள் போய்விடும். தேனி வாசகியின் குழந்தைக்கு அந்த ஒரு நாள் எத்தனை பெரியது என்று மேலே பார்த்தோம். விளக்கெண்ணெயும் பூவும் கண்ணில் வைப்பதற்குச் சுத்தமான பொருட்கள் அல்ல. கடையில் விற்கும் சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. வீட்டில் செய்யும் மையும் விரலோடும் கரியோடும் கிருமியைக் கொண்டுசெல்லும். திருஷ்டிக்கென்றால் கன்னத்தில் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார். குழந்தை கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறது. எப்படி விடுவது?

பதில்: பால் குடித்து அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கொதிக்க வைத்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்து, உள்மூலையிலிருந்து வெளிமூலை நோக்கி ஒரே இழுப்பாகத் துடைத்து அந்தப் பஞ்சை எறிந்துவிடுங்கள். அடுத்த இழுப்புக்கு வேறு பஞ்சு, அடுத்த கண்ணுக்கும் வேறு பஞ்சு. பீளையைத் துடைக்காமல் விடும் மருந்து பீளையின் மேலேயே நின்றுவிடும். பிறகு குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, கீழிமையை மட்டும் விரலால் மெல்லக் கீழே இழுத்தால் ஒரு சிறு பள்ளம் தெரியும். அதில் ஒரு சொட்டு போதும், இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். இழுக்கவே விடாவிட்டால், மூடிய கண்ணின் உள்மூலையில் ஒரு சொட்டை விட்டுவிட்டுக் காத்திருங்கள். கண்ணைத் திறக்கும்போது மருந்து தானே உள்ளே இறங்கிவிடும். களிம்பு என்றால் அரிசி மணி நீளத்துக்குக் கீழிமைப் பள்ளத்தில் வைத்தால் போதும். குப்பியின் முனை இமையிலோ விரலிலோ படக் கூடாது. இரண்டு நாளில் கண் தெளிந்துவிட்டாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை விடுங்கள். இரண்டு நாளாகியும் குறையவில்லை என்றால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காமல் திரும்பிப் போய்க் காட்டுங்கள். குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதிவைத்து, நான்கு வாரம் ஆனதும் மீதி எவ்வளவு இருந்தாலும் எறிந்துவிடுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.